ஊட்டிக்காகப் போடாத ஊட்டி சாலை

ஈரோட்டிலிருந்து கோபி, சத்தி, மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகும் மாநில நெடுஞ்சாலை 15 பற்றி ஒருவர் கேட்டிருந்தார். "நீலகிரிக்குப் போட்ட முதல் சாலையே கோத்தகிரி சாலைதான் என்று தாத்தா சொல்வார். அது உண்மையானால், பிறகு வந்த குன்னூர் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆகிவிட்டதே, இது மட்டும் ஏன் மாநில நெடுஞ்சாலையாகவே இருக்கிறது? ஈரோட்டையும் ஊட்டியையும் இப்படிச் சுற்றி இணைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?" இவைதான் கேள்விகள். இந்தச் சாலையில் பல வருடம் போய்வந்தவன், அதன் பழைய கதைகளைத் தேடித் தேடிப் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாத்தா சொன்னது உண்மை. ஆனால் அந்த முதல் பாதையை ஊட்டிக்குப் போவதற்காகப் போடவில்லை. கோத்தகிரிப் பக்கத்துக்குப் போகத்தான் போட்டார்கள். பிறகு எல்லோரும் போக விரும்பிய இடம் ஊட்டி என்று மாறியது, சாலையின் மதிப்பும் அதோடு மாறிவிட்டது. இரண்டாவது கேள்விக்கும் பதில் சுருக்கமானது: ஈரோட்டையும் ஊட்டியையும் இப்படி இணைக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காக உண்டான நாலைந்து சாலைகளை வரிசையாகச் சேர்த்து, பிற்காலத்தில் ஒரே எண் கொடுத்தார்கள். மொத்த நீளம் சுமார் 160 கிலோமீட்டர்.

வழியில் கிலோமீட்டர் கற்களைக் கவனித்திருப்பீர்கள். தேசிய நெடுஞ்சாலைக் கல்லின் தலை மஞ்சள், மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலை பச்சை. இந்தப் பிரிவினை 1943-ல் நாக்பூரில் கூடிய தலைமைப் பொறியாளர்களின் மாநாட்டிலிருந்து வந்தது. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, கிராமச் சாலை என்று நாடு முழுவதற்கும் அவர்கள் வகுத்தார்கள். மாகாணங்கள் மாநிலங்களானபோது மாகாண நெடுஞ்சாலையும் மாநில நெடுஞ்சாலை ஆனது. அதற்கு முன்னால் இந்தச் சாலைகளின் பெரும்பகுதி ஜில்லா போர்டுகளின் பொறுப்பில் இருந்தது. சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை பொதுப்பணித் துறையிலிருந்து பிரிந்து தனித்துறையானது 1946-ல்தான். ஆகவே 15 என்ற எண்ணுக்கு வயது குறைவு. எண்ணை வைத்துச் சாலையின் வயதைக் கணக்குப் போட முடியாது.

சரி, ஈரோட்டிலிருந்து கிளம்புவோம். முதல் பகுதி முழுக்கச் சந்தைச் சாலை. ஈரோட்டில் மஞ்சள் மண்டி, சித்தோட்டில் வெல்லம், கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை. பழனி முருகன் கோயில் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் ஏலம் எடுத்துப் போகிறார்கள். கரும்பு வெட்டும் பருவத்தில் இந்தப் பக்கம் வண்டியில் போனால் ஆலையில் பாகு காயும் வாசனை சாலை வரைக்கும் வரும். இந்தத் தடத்தை உண்டாக்கியவர்கள் மாட்டுவண்டி ஓட்டிய குடியானவர்கள். விளைந்ததை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனார்கள், உப்பும் துணியும் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வண்டித்தடம் சல்லிச் சாலையாகி, பிறகு தார்ச்சாலையாகி, இப்போது சித்தோடு கோபி இடையே நான்கு வழியாக அகலப்படுத்தும் அளவுக்கு வந்திருக்கிறது. அகலப்படுத்தும்போது பழைய புளியமரங்கள் போய்விட்டன. அந்த வரிசை நிழலில் பஸ்ஸுக்காக நின்ற தலைமுறைக்கு அது சின்ன இழப்பு அல்ல. புளியம்பழம் பறிக்கிற உரிமையை மரக்கணக்கில் ஏலம் விட்ட காலம் அது. சாலைக்குக் குடை பிடித்த மரம் அரசுக்கு வருமானமும் தந்தது.

கோபியை நெருங்கும்போது நிலம் மாறுவது கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கமும் நெல், தென்னை, வாழை, வாய்க்கால். பல படப்பிடிப்புகள் இங்கே நடந்ததற்கு இந்தப் பச்சைதான் காரணம். அதற்குப் பின்னால் கொடிவேரி அணைக்கட்டு இருக்கிறது. பவானி ஆற்றைக் குறுக்கே மறித்து, ஒரு கரையில் தடப்பள்ளி வாய்க்காலும் மறு கரையில் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரிகின்றன. இரண்டும் சேர்ந்து 24,504 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. வாய்க்கால் எங்கே போகிறதோ அங்கே ஊர் பெருக்கும், ஊர் இருக்கும் இடத்தைத் தொட்டுத்தான் சாலையும் போகும். கோபியிலிருந்து சத்தி வரை சாலை ஏன் ஆற்றோடு ஒட்டியே வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1955-ல் முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் இதற்குப் புதிய அண்டை வீட்டுக்காரர். சுமார் 200 கிலோமீட்டர் நீளம், 2,07,000 ஏக்கர் பாசனம். பழைய பாசனம் ஆற்றோரம், புதிய பாசனம் மேட்டில் என்று இரண்டுக்கும் இடையே வளைந்து நெளிந்து போகிறது நம் சாலை.

சத்தியமங்கலத்துக்கு வந்ததும் சாலையின் குணம் மாறுகிறது. இதுவரை சந்தைக்குப் போன வண்டிகளின் கதை, இனி படைகள் போன கதை. மைசூர் மேட்டிலிருந்து கொங்கு நாட்டுக்கு இறங்க அந்தக் காலத்தில் முக்கியமான வழி கெஜலட்டிக் கணவாய். மாயாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கி பவானிக் கரைக்கு வருவது அது. இன்று நாம் மைசூருக்குப் போகிற, 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதை வேறு. கெஜலட்டி வழி இப்போது புலிகள் காப்பகத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஹைதர் அலியின் படைகளும் திப்பு சுல்தானின் படைகளும் அந்த வழியைப் பயன்படுத்தின. 1790 செப்டம்பரில் திப்பு கெஜலட்டி வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் இருந்த கர்னல் ஃபிளாய்டின் ஆங்கிலப் படையைத் தாக்கினார். செப்டம்பர் 13-ம் தேதி நாள் முழுக்க சண்டை. மறுநாள் ஃபிளாய்டு பீரங்கிகள் சிலவற்றை விட்டுவிட்டுக் கோயம்புத்தூர் பக்கமாகப் பின்வாங்க வேண்டியதாயிற்று. பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போகிற வண்டிகள் அந்தப் போர்க்களத்தின் அருகில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

சத்தியிலிருந்து மேற்கே சிறுமுகையை நோக்கித் திரும்பினால் வடக்குப் பக்கம் பவானிசாகர் நீர்த்தேக்கம். இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் சாலை வரலாற்றின் மிக முக்கியமான ஊர் ஒன்று கிடக்கிறது: டணாயக்கன்கோட்டை. பவானியும் மாயாறும் கூடுகிற இடத்தில் இருந்த கோட்டை. போசளர்களின் (ஹொய்சாளர்களின்) தண்டநாயகர்கள், அதாவது படைத்தலைவர்கள், இங்கிருந்து ஆண்டார்கள். 'தண்டநாயகன் கோட்டை' பேச்சில் தேய்ந்து டணாயக்கன்கோட்டை ஆனது. 'நீலகிரி' என்ற பெயர் கல்வெட்டில் வருவதும் போசளர் காலத்தில்தான். விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் மலைப் பழங்குடிகளான தோதவரை அச்சுறுத்தி நீல மலையைப் பிடித்ததாக 1117-ம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அன்று தொடங்கி ஆங்கிலேயர் வருகிற வரை, மலைக்குப் போகிறவனுக்கு வாசல் டணாயக்கன்கோட்டைதான். மலையில் இருந்த படகர் ஊர்களின் வரியும் இங்கேதான் வந்து சேர்ந்தது. 1948-ல் தொடங்கி 1955-ல் முடிந்த அணை இந்தக் கோட்டையையும் ஊரையும் விழுங்கிவிட்டது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் மாதவராயப் பெருமாள் கோயிலின் கற்கட்டு வெளியே தெரியும். அப்போது மக்கள் கூட்டமாக நடந்து போய்ப் பார்ப்பார்கள். நீர்த்தேக்கத்தின் தென்பக்கமாக நம் சாலை போவதால், மலைக்குப் போகும் பழைய வாசலைச் சுற்றிக்கொண்டு போகிறோம் என்றே நான் நினைத்துக்கொள்வது வழக்கம்.

அடுத்தது சிறுமுகை. இன்று மென்பட்டுச் சேலைக்குப் பெயர் போன ஊர். கொஞ்சம் வயதானவர்கள் விஸ்கோஸ் ஆலையைச் சொல்வார்கள். அதன் கழிவு பவானியில் கலந்ததை எதிர்த்து 1990-களில் பெரிய போராட்டம் நடந்தது, பிறகு ஆலை மூடப்பட்டது. ஆனால் எனக்கு சிறுமுகை முக்கியமாகப் படுவது வேறு காரணத்துக்காக. நீலகிரியின் முதல் மலைச்சாலை தொடங்கிய இடம் இதுதான். மேட்டுப்பாளையம் அல்ல. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு கோயம்புத்தூர்ப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. மலை அதனோடு சேர்ந்தது, ஆனால் பல வருடம் ஆங்கிலேயர் யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. 1812-ல் வில்லியம் கீஸ் என்ற நில அளவையாளரும் மெக்மேகன் என்ற பயிற்சியாளரும் டணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து ஏறினார்கள். வரைபடமும் குறிப்பும் எழுதிக் கொடுத்தார்கள். அது கோப்பிலேயே தூங்கியது. 1818-ல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிவிட்டு வந்து அந்தக் குளிரைப் பற்றிச் சொன்னார்கள். கோயம்புத்தூர் வெயிலில் வேகும் ஆங்கிலேய அதிகாரிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1819 ஜனவரியில் கலெக்டர் ஜான் சல்லிவனே கிளம்பிவிட்டார். அவருக்கு மலை பிடித்துப்போனது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டியில் தங்க இடம் ஏற்பாடு செய்துகொண்டார்.

கவனியுங்கள், இந்தக் கட்டத்தில் ஊட்டி என்ற பேச்சே இல்லை. ஆங்கிலேயர் குடியேற நினைத்த முதல் இடம் கோத்தகிரிச் சரிவு. ஆகவே சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு ஒரு பாதை வேண்டும் என்று சல்லிவன் கேட்டார். அந்த வேலையை மேற்பார்த்தவர் லெப்டினன்ட் ஈவன்ஸ் மெக்பெர்சன். 1823-ல் பாதை முடிந்தது. சாலை என்று பெருமையாகச் சொன்னாலும், அது குதிரையும் பொதிமாடும் பல்லக்கும் போகிற அகலம்தான். சக்கரம் ஏறவில்லை. பவானியைப் பரிசலில் கடந்து, அடிவாரக் காட்டை வேகமாகத் தாண்டி ஏற வேண்டும். காய்ச்சல் பயம் அப்படி. மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று யாருக்கும் தெரியாத காலம். அடிவாரத்தில் இரவு தங்கினால் விஷக்காற்று பிடித்துவிடும் என்று நம்பினார்கள். அந்தப் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. சல்லிவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தத் தோள்களும் எனக்கு ஞாபகம் வரும்.

திருப்பம் அதற்குள்ளேயே நடந்துவிட்டது. பாதை வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சல்லிவன் தொட்டபெட்டாவுக்கு மறுபக்கம் இருந்த ஒத்தக்கல்மந்துவை, அதாவது இன்றைய ஊட்டியைக் கண்டு அங்கே மனம் மாறினார். 1822-ல் கல் பங்களா கட்டத் தொடங்கினார், பிறகு ஏரி வெட்டினார், உருளைக்கிழங்கு போட்டார். ஊட்டி வளர்ந்தது. கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போவதில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது: இடையில் தொட்டபெட்டா மலைமுகடு. கோத்தகிரியின் உயரம் சுமார் 1,800 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆனால் நேராக 440 மீட்டர் ஏறினால் முடிந்துவிடாது. முகட்டின் தோள் மேல் ஏறி, ஊட்டியைவிட உயரமான இடத்துக்குப் போய், அங்கிருந்து இறங்க வேண்டும். இன்றைக்கும் கோத்தகிரியிலிருந்து போகிற பஸ் தொட்டபெட்டா பிரிவுக்கு ஏறி, பிறகு ஊட்டிக்கு இறங்குவதைப் பார்க்கலாம். குன்னூர்ப் பக்கமோ பள்ளத்தாக்கோடு ஏறிப் போய்விடலாம், முகட்டைத் தாண்ட வேண்டியதில்லை. தூரமும் குறைவு. குன்னூரிலிருந்து ஊட்டி சுமார் 18 கிலோமீட்டர், கோத்தகிரியிலிருந்து அதைவிட 10 கிலோமீட்டராவது கூடுதல்.

கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830-க்கும் 1832-க்கும் இடையில், லெப்டினன்ட் லெ ஹார்டி குன்னூர் வழியாகப் புதிய பாதை போட்டார். அதோடு கோத்தகிரி வழி இரண்டாம் இடத்துக்குப் போனது. பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குன்னூருக்கே சாதகம். வெலிங்டனில் ராணுவக் குடியிருப்பு வந்தது. 1871-ல் வண்டி ஏறக்கூடிய புதிய குன்னூர் மலைச்சாலை முடிந்தது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது. 1899-ல் மலை ரயில் குன்னூர் வரை ஏறியது, 1908-ல் ஊட்டியைத் தொட்டது. ரயில் மேட்டுப்பாளையத்தில் நின்றதும் சிறுமுகையின் வாசல் வேலை முடிந்துவிட்டது. கோத்தகிரி மக்களும் தோட்டக்காரர்களும் விடவில்லை. 1870-களிலேயே கோத்தகிரிப் பாதையையும் மாட்டுவண்டி ஏறும்படி புதிய தடத்தில் திருத்திப் போட்டார்கள். நீங்கள் இன்று போவது பெரும்பாலும் அந்தத் தடம்தான், மெக்பெர்சனின் குதிரைப்பாதை அல்ல. ஆகவே 'இதுதான் முதல் சாலை' என்று சொல்லும்போது, வழி முதல் வழி, தடம் இரண்டாம் தடம் என்று சேர்த்துச் சொன்னால் சரியாக இருக்கும்.

தேசிய நெடுஞ்சாலை என்று யோசிக்கும்போது எந்தச் சாலை எடுபடும் என்பது இப்போது புரிந்திருக்கும். ரயில் நிலையம், ராணுவ முகாம், மாவட்டத் தலைநகரம், கூடலூர் வழியாக அடுத்த மாநிலம், எல்லாம் குன்னூர்த் தடத்தில் ஒரே கோட்டில் வருகின்றன. முன்பு அதற்கு எண் 67, இப்போது 181. கோத்தகிரிச் சாலை தரத்தில் தோற்கவில்லை. அது சென்று சேர்ந்த ஊர் மாவட்டத்தின் மையமாக ஆகவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பச்சைக் கல் என்றால் பராமரிப்பு மாநில அரசின் கையில். உள்ளூர் தேயிலை லாரிக்கும் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் அது பல சமயம் நல்லதாகவே முடிந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் கல்லாறு, குன்னூர். வலது பக்கம் நம் சாலை. கொஞ்ச தூரம் பாக்குத் தோப்பு, பிறகு ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அதற்குள் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் ஏறுகிறோம், அதாவது சராசரியாகச் சுமார் 23 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரம். மாட்டுக்கு மூச்சு முட்டாத சரிவு இது. கணக்குப் போட்டவர்கள் மாட்டை மனதில் வைத்துத்தான் போட்டார்கள். குன்னூர்ச் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், இங்கே அவை மிகக் குறைவு. மலையின் மடிப்புகளுக்குள் போய்ப் போய் வருகிற நீண்ட வளைவுகள்தான் அதிகம். வாந்தி வருகிறவர்களுக்கு எந்த வழி நல்லது என்று கேட்டால் நான் யோசிக்காமல் கோத்தகிரி என்பேன்.

ஏறும்போது முதலில் குஞ்சப்பனை. இருளர் குடியிருப்புகள் உள்ள இடம், மாவட்டச் சோதனைச்சாவடியும் இங்கேதான். பலாப்பழப் பருவத்தில் யானைகள் பழம் தேடிச் சாலைக்கே வந்து நிற்கும். அப்போது ஹாரன் அடிக்காமல், வண்டியை விட்டு இறங்காமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருக்க வேண்டும். சாலை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இது அவற்றின் வழி. பிறகு மாமரம், தட்டப்பள்ளம், அரவேணு. அரவேணு பக்கத்தில் தெரிகிற கேத்தரின் நீர்வீழ்ச்சிக்கு அந்தப் பெயர் வந்தது எம்.டி. காக்பர்னின் மனைவி பெயரால். கோத்தகிரி மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டு வந்தவர் என்று காக்பர்னைச் சொல்வார்கள். காப்பித் தோட்டம் வராமல் வண்டிச்சாலை வந்திருக்காது. பொதிமாட்டு முதுகில் எத்தனை மூட்டைதான் இறக்குவது? பிறகு காப்பி போய்த் தேயிலை வந்தது. இன்று அரவேணுவிலிருந்து மேலே பார்க்கிற பச்சையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளின் தேயிலை. கோத்தகிரி என்ற பெயர் கோத்தர்களிடமிருந்து வந்தது. மலையின் கொல்லர்களும் குயவர்களும் இசைக்காரர்களும் அவர்கள்தான். ஊரின் பெயரில் அவர்கள் இருக்கிறார்கள், சுற்றுலாப் பலகைகளில் பெரும்பாலும் இல்லை. இது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இந்தச் சாலையின் எதிரி மழை. நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூர், அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். கோத்தகிரி கிழக்கே பார்த்த சரிவு, ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிற வடகிழக்கு மழைதான் இங்கே பலமாக அடிக்கும். கடினமான பாறைக்கு மேலே பல அடி ஆழத்துக்கு மக்கிய செம்மண். மழைநீர் மண்ணில் இறங்கி, பாறையைத் தொட்டு நின்றுவிடும். மண் கனத்துப் போய், நீர் வழுக்கிவிட, சரிவு மொத்தமாக இறங்கும். சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டிய இடம் முதலில் விழும். 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைச்சாலைக்குத் தார் எவ்வளவு கனம் என்பது இரண்டாம் பட்சம். மலைப்பக்கத்து ஓடை அடைபடாமல் இருக்கிறதா, சிறுபாலங்களின் வாய் திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. முன்பு குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு சாலைப் பணியாளர் இருப்பார், மழை பிடித்தால் மண்வெட்டியோடு அந்த ஓடையோரம் நடந்துகொண்டே இருப்பார். இயந்திரம் வந்து சரிந்த மண்ணை அள்ளலாம். சரியாமல் காத்தவர் அந்த மண்வெட்டிக்காரர். அகலப்படுத்துவதற்காக மலையை இன்னும் உள்ளே வெட்ட வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. சமவெளியில் மரம் போனால் நிழல் போகும், இங்கே சரிவு போனால் கீழே இருக்கிற ஊரும் சேர்ந்து போகும்.

ஒரு விஷயத்தில் பழைய சாலை தன் இடத்தைத் திரும்பப் பிடித்திருக்கிறது. கோடை சீசனில் ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிறவற்றைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக விடுகிறார்கள். பர்லியாறு பக்கம் மண் சரிந்து குன்னூர்ச் சாலை மூடினால் மாவட்டத்தின் காய்கறி, பால், மருந்து எல்லாம் கோத்தகிரியைத்தான் நம்பும். 200 வருடம் முன்னால் பின்தள்ளப்பட்ட வழி, மலைக்கு உயிர்நாடியாகிவிடும் நாட்கள் அவை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனதும் தெரிந்திருக்கும், கோத்தகிரி வழியாக ஏறினாலும் அது வேண்டும். எனக்கு அதில் முழுச் சம்மதம். இரண்டு சாலையும் தாங்குவதற்கு ஓர் அளவு இருக்கிறது.

கோத்தகிரிக்கு மேலே கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா பிரிவு வரை போகிற பகுதியை ஊட்டி அவசரத்தில் பலரும் கவனிப்பதில்லை. கேரட், முட்டைக்கோஸ் பாத்திகள், ஓட்டு வீடுகள் நெருங்கி நிற்கும் படகர் ஊர்கள், அவற்றுக்கு இடையில் தேயிலை. இங்கே விளைகிற காய்கறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. ஈரோட்டில் மஞ்சளோடு தொடங்கிய சந்தைச் சாலை இங்கே கேரட்டோடு முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தாத்தா சொன்னதை நேரில் பார்க்க ஆசை என்றால், அடுத்த முறை கோத்தகிரியில் இறங்கி கன்னேரிமுக்குக்குப் போங்கள். சல்லிவன் வாழ்ந்த பங்களாவைப் பழுதுபார்த்து, அருங்காட்சியகமும் ஆவண மையமுமாக வைத்திருக்கிறார்கள். பழைய படங்களையும் வரைபடங்களையும் பார்க்கலாம். முடிந்தால் தாத்தாவையும் கூட்டிப் போங்கள். திரும்பும்போது சிறுமுகையில் ஆற்றங்கரை வரை நடந்து வடக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் கோத்தகிரிச் சரிவு முழுசாகத் தெரியும், 1823-ல் பரிசலில் ஏறக் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்த அதே சரிவு.